கிரீம் சீஸ் சாஸ் கெடும்போது: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

கிரீம் சீஸ் சேர்த்த சாஸ் திரிந்தாலும் பிரிந்தாலும் பெரும்பாலோர் உடனே செய்வது தீயைக் கூட்டி இன்னும் வேகமாகக் கிளறுவதுதான். சரிசெய்யக்கூடிய பிழை சரிசெய்ய முடியாததாக மாறுவது அந்த இடத்தில்தான். எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைச் சூடான பர்னரிலிருந்து நகர்த்தி வையுங்கள். பிழை எது என்று பார்த்து முடிவெடுக்க அதன் பிறகு நேரம் இருக்கும்.

அறிகுறிகளுக்குள் செல்வதற்கு முன், இந்தப் பொருளின் இயல்பைத் தெரிந்துகொள்வது பாதி வேலையைக் குறைக்கும். மொசரெல்லா, செடார் போன்ற சீஸ் வகைகள் ரென்னெட் என்னும் நொதியால் உறையவைக்கப்படுபவை. அவற்றில் கேசின் என்னும் பால் புரதத்தைக் கால்சியம் பிணைத்து வைத்திருப்பதால், சூடேறும்போது அந்தப் பின்னல் தளர்ந்து இழுபட்டு வழிகிறது. கிரீம் சீஸ் அப்படிப்பட்டதன்று. பாலும் கிரீமும் சேர்ந்த கலவையை லாக்டிக் அமில நுண்ணுயிரிகளைக் கொண்டு புளிக்கவைத்து, அதன் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-ஐ நெருங்கும்போது உறைந்துவரும் பகுதியைச் சூடாக்கி, நீரைப் பிரித்தெடுத்து, கேரோப் விதைப் பிசின், சாந்தன் பிசின் போன்ற நிலைப்படுத்திகளைச் சேர்த்து அதைத் தயாரிக்கிறார்கள். புளிக்கும்போது கால்சியத்தின் பெரும்பகுதி கரைந்து நீரோடு போய்விடுகிறது. அதனால் சூடாக்கினால் கொழுப்பு இளகுமே தவிர, புரதம் உருகி ஓடுவதில்லை. கிரீம் சீஸைத் திரவத்தில் கரைத்துப் பரப்பத்தான் முடியும், உருக்க முடியாது. கீழே வரும் பிழைகளில் பல, அதை உருகும் சீஸைப் போலக் கையாள்வதால் நேர்பவை.

கையில் இருப்பது எந்த வகை என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவின் உணவுத் தர விதிப்படி, கிரீம் சீஸ் என்ற பெயரில் விற்கப்படுவதில் பால் கொழுப்பு குறைந்தது 33 சதவீதமும் ஈரம் அதிகபட்சம் 55 சதவீதமும் இருக்க வேண்டும். அங்கே நூஷாடெல் என்ற பெயரில் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருப்பதில் கொழுப்பு 20 சதவீதமே இருந்தாலும் போதும், ஈரம் 65 சதவீதம் வரை போகலாம். ஃபாயில் சுற்றிய கட்டியாக வருவது சமையலுக்கு ஏற்றது. டப்பாவில் ரொட்டியில் தடவ ஏற்றவாறு வருவது பெரும்பாலும் அதைவிட இளகியது. அடித்து நுரைக்கவைத்த வகையில் காற்றும் சேர்ந்திருப்பதால், ஒரு கிண்ணம் அளந்தாலும் எடையில் குறைவாகவே இருக்கும். ஆகவே எந்தச் செய்முறையிலும் கிரீம் சீஸைக் கிராமில் நிறுத்துப் போடுவதே நல்லது. நம் ஊர்க் கடைகளில் சீஸ் ஸ்பிரெட் என்று கிடைப்பது வேறு பொருள்: அது கொழுப்பும் நீரும் பிரியாமல் பிணைக்கும் பால்மமாக்கும் உப்புகள் சேர்த்துப் பதப்படுத்தப்பட்ட சீஸ். சூட்டைக் கிரீம் சீஸைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் உப்பு அதிகம், சுவையும் வேறு. அதைப் பயன்படுத்தினால் சாஸில் தனியாக உப்புப் போடுவதைக் கடைசிவரை தள்ளிவையுங்கள்.

வெள்ளைக் கட்டிகள் மிதக்கின்றன

ஒரு கட்டியை எடுத்து இரு விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள். வெண்ணெய்போல வழவழப்பாகப் பரவினால் அது கரையாத கிரீம் சீஸ் மட்டுமே, கவலைப்பட ஒன்றுமில்லை. நசுக்கியும் சிறு துகள்களாகவே நிற்குமானால் அது கட்டியன்று, திரிந்த புரதம். அதற்கு அடுத்த பகுதியைப் பார்க்கவும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தத் திருத்தத்தையும் தொடங்க வேண்டாம், ஏனெனில் இரண்டுக்கும் மருந்து வேறு.

கரையாத கட்டிகளுக்குக் காரணம் பெரும்பாலும் குளிர்தான். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கட்டியைக் கொதிக்கும் சூப்பிலோ குழம்பிலோ அப்படியே போட்டால், வெளிப்புறம் கரையத் தொடங்கும் நேரத்தில் உட்புறம் இறுகியே இருக்கும். கரண்டி பட்டதும் அது பல துண்டுகளாகச் சிதறி, ஒவ்வொன்றும் தனித்தனியே மிதக்கும். பாத்திரத்தை மிகச் சிறு தீயில் வைத்து, கம்பி மத்தால் ஓரிரு நிமிடங்கள் கலக்கினால் பெரும்பாலானவை கரைந்துவிடும். மீதம் இருப்பவற்றுக்குக் கைப்பிடி பிளெண்டரை உள்ளே விட்டு அரைக்கலாம், அல்லது சாஸை வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கலாம். மிக்ஸியில் அரைப்பதாக இருந்தால் சாஸ் வெதுவெதுப்பாகும்வரை காத்திருங்கள். கொதிக்கும் திரவத்தை மூடிய ஜாரில் சுழற்றும்போது ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே தெறிக்கும்.

அடுத்த முறை இது நேராமல் இருக்க, கட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கி அரை மணி நேரம் வெளியே வைத்தாலே போதும். அவசரமென்றால் பிரிக்காத பொட்டலத்தை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி வைக்கலாம். மைக்ரோவேவில் வைப்பவர்கள் ஃபாயிலை முழுவதும் உரித்துவிட்டு, 10 முதல் 15 விநாடிகளாகப் பிரித்துச் சூடாக்க வேண்டும். இளகிய சீஸை ஒரு கிண்ணத்தில் எடுத்து, சூடான சூப்பை ஒரு கரண்டி ஊற்றிக் குழைத்து, மறுபடி ஒரு கரண்டி ஊற்றித் தளர்த்தி, அதன் பிறகு பாத்திரத்தில் சேர்த்தால் கட்டி விழுவதற்கு வாய்ப்பே இராது. சூப்பை மொத்தமாகச் சீஸில் கொட்டுவதும், சீஸை மொத்தமாகச் சூப்பில் போடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

நாவில் மணல்மணலாக உணர்கிறது

இதுதான் கடினமான பிழை. கேசின் புரதத்தின் மின்னேற்றம் பி.எச். 4.6 அளவில் சமநிலைக்கு வந்துவிடுவதால், துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் ஆற்றலை இழந்து ஒட்டிக்கொள்ளத் தொடங்குகின்றன. கிரீம் சீஸ் ஏற்கெனவே அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. அதை வழவழப்பாக வைத்திருப்பவை அதிலுள்ள கொழுப்பும் நிலைப்படுத்திகளும். பாலிலோ எலும்புச் சாற்றிலோ கரைக்கும்போது அமிலம் நீர்த்துப்போய்ப் புரதம் பாதுகாப்பான பக்கத்துக்கு நகர்கிறது. அங்கே தக்காளியோ எலுமிச்சையோ ஒயினோ வந்தால் மறுபடி எல்லைக்கு இழுத்துவிடுகிறது, கூடவே கொதியும் சேர்ந்தால் புரதம் இறுகி, தன்னுள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றிக் குருணையாகிறது. மோர்க்குழம்பை நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு எது காரணமோ, இதற்கும் அதுவே காரணம்.

திரிந்த புரதத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் நாக்குக்குத் தெரியாத அளவுக்குத் துகளைச் சிறிதாக்க முடியும். அதற்கு நம்பகமான முறை இது: வேறொரு பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, 240 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கொதிக்கவிட்டு, வெள்ளை சாஸ் தயாரித்துக்கொள்ளுங்கள். அதை அடுப்பிலிருந்து இறக்கி, கெட்டுப்போன சாஸை ஒரு கரண்டி ஒரு கரண்டியாக அதில் ஊற்றிக் கலக்கி, இறுதியில் கைப்பிடி பிளெண்டரால் ஒரு நிமிடம் அரையுங்கள். மாவின் பசை துகள்களுக்கு இடையே புகுந்து, அவை மீண்டும் சேராமல் தடுக்கும். அளவு இரு மடங்காகிவிடும் என்பது உண்மைதான். மிஞ்சியதை மறுநாள் காய்கறிகளின் மேல் ஊற்றி பேக் செய்துகொள்ளலாம். வெறும் சோள மாவுக் கரைசலை நேரடியாகத் திரிந்த சாஸில் ஊற்றிக் காப்பாற்ற நினைப்பது பயன் தராது. சோள மாவு கெட்டிப்பட ஏறக்குறைய கொதிநிலை வேண்டும், சாஸோ அந்தச் சூட்டில் இன்னும் திரியும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க, அன்றைய சமையலில் மூன்று இடங்களைத் திரும்பிப் பாருங்கள். கிரீம் சீஸ் சேர்த்த பிறகு சாஸ் கொதித்ததா? கொதித்திருந்தால் வேறு விசாரணை வேண்டாம். சீஸ் போட்டபின் விளிம்பில் சிறு குமிழ் எழுவதற்கு முன்னரே இறக்கிவிட வேண்டும், அதற்கு மேல் சூடு எதற்கும் தேவையில்லை. இரண்டாவது, கொழுப்புக் குறைந்த வகையைப் பயன்படுத்தினீர்களா? அதில் புரதத்தைப் போர்த்திக் காக்கும் கொழுப்பு குறைவு என்பதால், தொட்டுக்கொள்ளும் குளிர்ந்த டிப்புகளுக்குப் பொருந்தினாலும் அடுப்பில் வைக்கும் சாஸுக்கு அது நல்ல தேர்வாகாது. கெட்டித் தயிரைத் துணியில் தொங்கவிட்டுக் கிரீம் சீஸுக்குப் பதிலாகப் போடுபவர்களுக்கும் இதே சிக்கல் இன்னும் தீவிரமாக வரும். மாற்றுத்தான் வேண்டுமென்றால் மஸ்கார்போனே என்னும் இத்தாலிய இளகிய சீஸ் நம்பகமானது. கொழுப்பு மிகுதி, புளிப்புக் குறைவு.

மூன்றாவது அமிலம். தக்காளியின் பி.எச். பெரும்பாலும் 4.5-ஐ ஒட்டியே இருக்கும். ஒயின் அதைவிடப் புளிப்பு, எலுமிச்சை அதையும் தாண்டியது. தக்காளி கிரீம் பாஸ்தா செய்யக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. தக்காளியைப் பச்சை வாசனை போய் நன்கு சுண்டும்வரை வதக்கி, மிகப் புளிப்பாக இருந்தால் ஒரே ஒரு சிட்டிகை சமையல் சோடா தூவி நுரை அடங்கவிட்டு, அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்து, தளர்த்திய கிரீம் சீஸைச் சேர்க்க வேண்டும். சிட்டிகைக்கு மேல் சோடா போனால் சோப்புச் சுவை வந்துவிடும். ஒயின் ஊற்றும் கோழி சாஸ்களில் ஒயின் முக்கால்வாசி வற்றிய பிறகு எலும்புச் சாறு, அதன் பிறகுதான் சீஸ் என்ற வரிசையை மாற்றாதீர்கள். எலுமிச்சைச் சாற்றைத் தட்டில் பரிமாறிய பிறகு பிழிவதே போதுமானது.

துருவிய செடாரோ பார்மெசானோ சேர்ந்த சாஸாக இருந்தால் குற்றம் கிரீம் சீஸுடையதாக இல்லாமலும் இருக்கலாம். பாக்கெட்டில் துருவி விற்கப்படும் சீஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே செல்லுலோஸோ மாவுப்பொருளோ தூவப்பட்டிருக்கும். அது முழுமையாகக் கரையாமல் நாவில் தட்டுப்படும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறது

நம் குழம்பிலும் தொக்கிலும் எண்ணெய் பிரிந்தால் பக்குவம் வந்துவிட்டது என்று இறக்குகிறோம். அந்தப் பழக்கத்தால், இங்கே அதே காட்சி கேட்டின் அறிகுறி என்பது சிலருக்கு உடனே உறைப்பதில்லை. கொழுப்பைத் துளித்துளியாகத் தாங்கி நிற்க இந்த சாஸில் போதுமான நீர் இருக்க வேண்டும். நெடுநேரம் வற்றவிட்டாலோ, மீந்ததைக் கடும் சூட்டில் மறுபடி சுடவைத்தாலோ நீர் போய்விடுகிறது, கொழுப்பு வெளியே வந்துவிடுகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், மணல்மணலாகாமல் எண்ணெய் மட்டும் பிரிந்திருந்தால் இது எளிதில் சரியாகும். அடுப்பிலிருந்து இறக்கிய சாஸில் சூடான நீரை ஒரு மேசைக்கரண்டி ஊற்றி வேகமாக அடியுங்கள். அது சேர்ந்த பிறகே அடுத்த கரண்டி. பாஸ்தாவாக இருந்தால் நீருக்குப் பதில் பாஸ்தா வடித்த கஞ்சியே சிறந்தது, அதிலுள்ள மாவுச்சத்தும் கொழுப்பைப் பிடித்து நிறுத்த உதவும். ஆகவே பாஸ்தாவை வடிக்கும்போது ஒரு குவளைக் கஞ்சியை எடுத்துவைக்காமல் மீதியைக் கொட்டாதீர்கள். 200 கிராம் பாஸ்தாவுக்கு 100 கிராம் கிரீம் சீஸும் ஏறத்தாழ 120 மில்லி வடிகஞ்சியும் என்ற அளவில் தொடங்கினால் இந்தப் பிழை அபூர்வமாகவே வரும்.

ஓவனில் வைக்கும் கீரை-ஆர்டிசோக் டிப், கோழி டிப் ஆகியவற்றில் எண்ணெய் குளம்போல நின்றால், மேலே தூவிய முதிர்ந்த செடாரையே முதலில் சந்தேகியுங்கள். நாள்பட்ட சீஸ் சூட்டில் அதிக எண்ணெயை விடும். 180 டிகிரி செல்சியஸில் ஓரங்கள் குமிழியிடத் தொடங்கியதும் வெளியே எடுத்து, மேலுள்ள எண்ணெயைத் தாளால் ஒற்றிவிட்டுப் பரிமாறலாம். மொசரெல்லாவை அதில் பாதிக்குப் பாதி கலப்பது அடுத்த முறைக்கான தீர்வு.

நீர்த்து வழிகிறது, அல்லது ஆறியதும் இறுகிவிடுகிறது

இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் காரணம், ஒன்றைத் தவறாகத் திருத்துவதாலேயே மற்றொன்று நேர்கிறது. சூடாக இருக்கும்போது இந்த சாஸ் எப்போதும் தளர்வாகத்தான் தெரியும். கொழுப்பு ஆறி இறுகி, நிலைப்படுத்திகளும் தம் வேலையைக் காட்ட ஐந்து நிமிடமாவது ஆகும். அதற்குள் பொறுமை இழந்து இன்னும் 50 கிராம் சீஸைப் போட்டால், மேசைக்கு வரும்போது கரண்டி நிற்கும் பதத்துக்குப் போய்விடும். எனவே முதலில் காத்திருங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் கரண்டியின் முதுகில் படியவில்லை என்றால், நீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். காளானும் கீரையும்தான் வழக்கமான குற்றவாளிகள். காளானை நீர் வற்றிப் பொன்னிறம் வரும்வரை தனியாக வதக்கியும், உறைந்த கீரையை உருகவிட்டுக் கைப்பிடி கைப்பிடியாகப் பிழிந்தும் சேர்க்க வேண்டும். இறுகிப்போன சாஸுக்குச் சூடான பால் அல்லது எலும்புச் சாறு இரண்டு கரண்டி போதும். மீந்ததை மைக்ரோவேவில் சுடவைக்கும்போது முதலில் ஒரு கரண்டி பாலைக் கலந்து, பாதி ஆற்றலில் வைத்து, இடையிடையே எடுத்துக் கிளறுங்கள்.

உருளைக்கிழங்கு மசியலில் கிரீம் சீஸ் சேர்த்துப் பசைபோல இழுபட்டால் சீஸ் மேல் பழி போட வேண்டாம். குளிர்ந்த சீஸைக் கரைக்க வேண்டி நெடுநேரம் பிசைந்ததால் கிழங்கின் மாவுச்சத்து வெளிவந்துவிட்டது. அதற்கு மருந்தில்லை, மேலே சீஸ் தூவி ஓவனில் வைத்து வேறு பண்டமாக்கிவிடுவதே வழி.

அடிப்பிடிக்கிறது, குக்கர் எச்சரிக்கை தருகிறது

பால் புரதமும் சர்க்கரையும் அடியில் படிந்து கருகுவதே காரணம். அடியைச் சுரண்டாமல் மேலுள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சுரண்டினால் தீய்ந்த வாசனை முழுவதற்கும் ஏறிவிடும். மின்சாரப் பிரஷர் குக்கரில் கிரீம் சீஸை முதலிலேயே போடச் சொல்லும் செய்முறைகளை நான் நம்புவதில்லை. அழுத்தம் முழுவதும் இறங்கி, மூடியைத் திறந்து, கொதி அடங்கிய பிறகு துண்டுகளாகப் போட்டு, மூடி ஐந்து நிமிடம் விட்டுக் கலக்குங்கள். மெதுவாகச் சமைக்கும் ஸ்லோ குக்கரில் கடைசி அரை மணி நேரத்தில் சேர்த்தால் போதும்.

சப்பென்று இருக்கிறது, அல்லது புளிப்புத் தூக்கலாகத் தெரிகிறது

செடாருடன் ஒப்பிட்டால் கிரீம் சீஸில் உப்புக் குறைவு. கொழுப்போ சுவையை மூடிவிடுகிறது. எனவே சீஸ் முழுவதும் கரைந்த பிறகு உப்பைச் சரிபார்த்து, அதன் பிறகு மிளகு, ஒரு துளி ஜாதிக்காய்த் தூள், வதக்கிய பூண்டு எனச் சேர்க்கவும். பச்சைப் பூண்டு இந்த சாஸில் வேகாது, ஏனெனில் சூடு அதற்குப் போதாது. புளிப்பு மிகுந்தால் சர்க்கரையை நாடுவதைவிடப் பொன்னிறமாக வதக்கிய வெங்காயமோ ஒரு துண்டு வெண்ணெயோ மேல்.

பொரிக்கும்போது பூரணம் வெடித்து வெளியேறுகிறது

மிளகாய்க்குள் கிரீம் சீஸ் அடைத்துப் பொரிக்கும் ஹாலபீனோ பாப்பர், நண்டும் கிரீம் சீஸும் கலந்த பூரணத்தை வான்டன் என்னும் மெல்லிய மாவுத் தாளில் பொதிந்து பொரிக்கும், அமெரிக்க உணவகங்களில் பிரபலமான நண்டு ரங்கூன் ஆகியவற்றில் இது சாதாரணம். பூரணத்திலுள்ள நீர் ஆவியாகி, பலவீனமான இணைப்பைப் பிளந்துகொண்டு வெளியேறுகிறது. எண்ணெய் தெறிப்பதால் கையும் சுடும். வான்டன் தாளுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் பூரணம் வைக்க வேண்டாம். நண்டுச் சதையைப் பிழிந்து ஈரம் நீக்குங்கள், ஓரத்தை நீரால் ஈரப்படுத்தி, உள்ளே காற்று நிற்காமல் நடுவிலிருந்து வெளிநோக்கி அழுத்தி ஒட்டுங்கள். பிறகு 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, 175 முதல் 180 டிகிரி சூடான எண்ணெயில் நான்கு ஐந்தாகப் போட்டு இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். எண்ணெய் சூடு குறைவாக இருந்தால் தோல் சிவக்கும்வரை பூரணம் கொதித்துக்கொண்டிருக்கும், வெடிப்பது அப்போதுதான். மிளகாய்க்கு முட்டையும் ரொட்டித் தூளும் இருமுறை பூசுவது நல்ல காப்பு. ஏர் ஃப்ரையரிலும் பூரணம் வழியத்தான் செய்யும், ஆனால் தெறிக்காது.

ஃப்ரீசரில் வைத்தது உதிர்ந்துபோகிறது

உறையும்போது பனிப் படிகங்கள் சீஸின் வழவழப்பான கட்டமைப்பை உடைத்துவிடுவதால், உருகிய பின் நீர் தனியாகவும் சீஸ் பொடியாகவும் நிற்கும். குளிர்பதனப் பெட்டியிலேயே ஓர் இரவு உருகவிட்டுக் கம்பி மத்தால் அடித்தால் ஓரளவு சேரும். சூப், கேசரோல் போன்ற வெந்த பண்டங்களுக்கு அது தாராளமாகப் போதும். வெறும் டிப்பாகப் பரிமாறுவதற்கு உதவாது. கிரீம் சீஸ் சாஸையே உறையவைத்தால் எடுக்கும்போது பெரும்பாலும் பிரிந்துதான் இருக்கும். ஆகவே சாஸுக்கான மற்றவற்றை மட்டும் உறையவைத்து, சீஸைப் பரிமாறும் நாளில் சேருங்கள்.

சமைத்த சாஸையோ டிப்பையோ அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நம் கோடைக்காலத்து 32 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் அந்த வரம்பு ஒரு மணி நேரம்தான். பொட்டலத்தைப் பிரித்த கிரீம் சீஸின் மேல் சிறிது நீர் கசிந்திருந்தால் கலக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் இளஞ்சிவப்பு நிறமோ பூஞ்சையோ ஓரத்தில் தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டி நீக்காமல் முழுவதையும் எறிந்துவிடுங்கள்; ஈரம் மிகுந்த இளகிய சீஸில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை.